ஆர்ச் தெரியுதாலே? 1990 செட்டின் நான்கு நாள்

புறப்படும் முன்

1990-ல் பத்தாம் வகுப்பு எழுதிய செட்டுக்கு இப்போது ஐம்பது வயது. பாளையங்கோட்டையில் ஒரே வகுப்பில் இருந்தவர்களில் 22 பேர், அதாவது 14 ஆண்களும் 8 பெண்களும், சனிக்கிழமை காலை நெல்லையில் இறங்கி, பழைய பள்ளிக்கூடம், பாபநாசம், குற்றாலம் எல்லாம் சுற்றிவிட்டு செவ்வாய் இரவு தென்காசியில் ரயிலேறுகிறோம். இதேபோல ஒரு செட்டைக் கூட்டிக்கொண்டு கிளம்ப நினைப்பவர்களுக்கு உதவும் என்று அன்றன்று ராத்திரி எழுதிப் போடுகிறோம். யார் யாரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்பது இதில் வராது. எங்கே ஏற வேண்டும், எங்கே வழுக்கும், எதை மறந்தால் வம்பு என்பதுதான் வரும்.

ஏன் சனி முதல் செவ்வாய் வரை? பள்ளிக்கூடத்துக்குள் போகச் சனிக்கிழமைதான் தோது. ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் பக்கம் தலைகாட்டக் கூடாது. திங்களும் செவ்வாயும் அருவியில் கூட்டம் குறையும், ரூம் வாடகையும் இறங்கும். எல்லாருக்கும் லீவு கிடைக்கும் என்று வெள்ளி, சனி, ஞாயிறு போடும் செட்டுகள்தான் சீசனில் வரிசையில் நின்றே பாதிப் பயணத்தைக் கழிக்கின்றன. ஆனி மாதம் என்றால் நெல்லையப்பர் தேரோட்டம் முடிந்த பிறகு தேதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் டவுனில் ரூமும் கிடைக்காது, வண்டியும் நுழையாது.

ரயில் டிக்கெட்டில் ஒரு சூட்சுமம். முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான் திறக்கும். 2024 நவம்பருக்கு முன்னால் இது 120 நாளாக இருந்தது. ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரை போடலாம். எல்லாரும் ஒரே பெட்டியில் இருக்கலாமே என்று ஆறு ஆறாகப் போட்டால் கீழ் பெர்த் கோட்டா போய்விடும். 45 வயது தாண்டிய பெண்களுக்கு அந்தக் கோட்டா உண்டு, ஆனால் டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் இருக்க வேண்டும். ஆண்களுக்கு 60 ஆக வேண்டும். ஆகவே பெண்களுக்கு இரண்டிரண்டாக நான்கு டிக்கெட், ஆண்களுக்குத் தனி. முட்டியில் ஆபரேஷன் ஆன ஆண்களுக்கு அந்த நான்கு டிக்கெட்டில் கிடைக்கும் கீழ் பெர்த்தை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் எல்லாருக்கும் ஒரே வகுப்பு, முடிந்தவரை ஒரே கோச். சென்னை எழும்பூர் நிலையத்தில் வேலை நடப்பதால் சில வண்டிகளின் புறப்பாட்டைத் தாம்பரத்துக்கு மாற்றுகிறார்கள். டிக்கெட்டில் ஏறும் நிலையம் எது என்று முதல் நாளே பார்த்துக்கொள்வது நல்லது.

பணம். இதுதான் பல செட்டுகள் இரண்டாவது தடவை சேராமலே போவதற்குக் காரணம். வகுப்பில் ஒருவர் ஃபாக்டரி வைத்திருப்பார், ஒருவர் ஆட்டோ ஓட்டுவார். "ஆளுக்கு இவ்வளவு" என்று குரூப்பில் போட்ட உடனே அந்த ஆட்டோக்காரர் "ஊர்ல ஒரு கல்யாணம் இருக்குப்பா" என்று ஒதுங்கிக்கொள்வார். முடிந்தவர்கள் முடிந்ததைப் பொதுக்கணக்கில் போடட்டும். யார் எவ்வளவு போட்டார்கள் என்பது பொருளாளர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். குரூப்பில் மொத்தத் தொகையையும் செலவையும் மட்டும் காட்ட வேண்டும். மதிப்பீட்டுக்கு மேல் பத்தில் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். சீசன் ஊரில் அது நிச்சயம் செலவாகும்.

முதல் நாள், சனி: நெல்லை, பாளை

ஜங்ஷனில் இறங்கி பாளைக்குப் போகும் வழியில் தாமிரபரணியைத் தாண்ட வைப்பது சுலோச்சன முதலியார் பாலம். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தார், அதாவது தலைமைக் குமாஸ்தா, வேலை பார்த்த அந்த முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டி 1843-ல் திறந்தது. பக்கத்தில் புதுப் பாலமும் வந்துவிட்டதால் வண்டியை மெதுவாக விடச் சொன்னால் டிரைவர் திட்டமாட்டார். ஆற்றைப் பார்த்ததும் பேச்சு தானாக ஆரம்பித்துவிடும்.

வண்டி இரண்டு, இரண்டுமே 12 சீட் வேன். 22 பேருக்கு ஒரே பஸ்ஸாக எடுத்தால் மலிவுதான். ஆனால் குற்றாலத்தில் பெரிய வண்டியை எங்கோ தள்ளி நிறுத்திவிட்டு, முட்டிவலிக்காரர்கள் நனைந்த துணியோடு அவ்வளவு தூரம் நடக்க வேண்டிவரும். 12 சீட் என்றால் பெட்டியோடு பத்துப் பேர்தான் சௌகரியமாக உட்கார முடியும், பின்னால் சாமான் வைக்க இடம் குறைவு. எங்களுக்கு ஆளுக்கு ஒரு பை என்று கணக்கு வைத்து, கேரியர் இருக்கும் வண்டியாகக் கேட்டு, சாரலுக்கு மேலே தார்ப்பாயும் போடச் சொன்னோம். வாடகை பேசும்போதே டிரைவர் பேட்டா, இரவு தங்கல், டோல், பார்க்கிங் எல்லாம் யார் தலையில் என்று எழுதி வாங்கிக்கொள்ளவும். தினமும் காலையில் வண்டி மாறி உட்கார வேண்டும் என்பது நாங்கள் வைத்த ஒரே சட்டம். இல்லாவிட்டால் முதல் பெஞ்சு ஒரு வண்டி, கடைசி பெஞ்சு ஒரு வண்டி என்று நாலு நாளும் பிரிந்தே போகும்.

பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வேண்டும். வருகிறவர்கள் எத்தனை பேர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த அறை, மைக் உண்டா, சாப்பாடு உண்டா என்று எல்லாவற்றையும் கடிதத்தில் போட வேண்டும். வாட்ச்மேனுக்குத் தனியாகத் தகவல் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்டில் நிற்பவர் அவர்தான். பத்தாம் வகுப்பு அறை மாடியில் இருந்தால் ஆசை வைக்காதீர்கள். எண்பதைத் தாண்டிய ஆசிரியர்கள் வருகிறார்கள். கீழ்த்தளத்தில் ஓர் அறை, பக்கத்தில் வெஸ்டர்ன் டாய்லெட், கைப்பிடி உள்ள நாற்காலி. கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த பெரியவர்களுக்கு எழுந்திருப்பதுதான் கஷ்டம்.

பெயர் அட்டையை வீட்டு பிரிண்டரிலேயே அடிக்கலாம். எழுத்து 36 பாயிண்டுக்குக் குறையக் கூடாது; வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தேடி எடுத்துத்தான் ஒருத்தர் பெயரைப் படிக்க முடியும் என்றால் அட்டை எதற்கு? பெண்களுக்குப் பள்ளிக்கால இனிஷியலைப் போட வேண்டும், கல்யாணத்துக்குப் பிறகு மாறிய இனிஷியலைப் போட்டால் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியாது. பட்டப்பெயர் போடுவதற்கு முன் சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிடுவது நல்லது. "குண்டு", "கருவாயன்" என்று கூப்பிட்டபோது சிரித்தவர்கள் எல்லாரும் அதை ரசித்தார்கள் என்று அர்த்தமில்லை.

குரூப் போட்டோ. 1990-ல் எடுத்த அட்டை போட்டோ பலர் வீட்டில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒட்டிப்போய்க் கிடக்கும். ஈரம் ஏறி ஒட்டியதைப் பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். பிய்க்காமல் சட்டத்தோடு ஜன்னல் நிழலில் நிறுத்தி, ஃபிளாஷ் போடாமல், கேமராவைச் சரியாக நேராகப் பிடித்து எடுக்க வேண்டும். கண்ணாடியில் நம் சட்டை தெரிந்தால் கறுப்புத் துணியைப் பிடித்துக்கொள்ளவும். ஒட்டாத பிரதி கிடைத்தால் 600 டிபிஐயில் ஸ்கேன். ஒரே போட்டோவின் மூன்று பிரதிகளைத் தேடி எடுத்தால் ஒன்றில் செல்லரித்த முகம் இன்னொன்றில் இருக்கும். பிறகு 12க்கு 18 அங்குலத்தில் பெரிதாக்கி, மேலே டிரேசிங் பேப்பரை வைத்துத் தலைகளுக்கு நம்பர் போட்டுச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். பக்கத்தில் வெறும் நம்பர் பட்டியல், ஒரு பேனா. பெயரை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். "இது அவன் இல்லலே, அவன் அன்னிக்கு அம்மைபோட்டு லீவு" என்று ஆரம்பிக்கும் சண்டைக்கு எந்த நிகழ்ச்சி நிரலும் ஈடாகாது.

சுய அறிமுகம் வேண்டாம். 22 பேர் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசினால் 110 நிமிடம்; அதில் முக்கால்வாசி வேலை, வீடு, பிள்ளை எந்த ஊரில் என்பதுதான். கேட்பவர்கள் மனதுக்குள் தராசு பிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குப் பதில் அட்டெண்டன்ஸ். பழைய வரிசையிலேயே ஆசிரியர் பெயரை வாசிக்க, அவரவர் "உள்ளேன் ஐயா" சொல்லி எழுந்து பள்ளிக்காலத்து விஷயம் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும், ஆளுக்கு இரண்டு நிமிடம். மாலைப் பேப்பரில் பரீட்சை ரிசல்ட்டுக்கு நம்பர் தேடிய நாள், அன்றைய அரசு பஸ்ஸான கட்டபொம்மன் பஸ்ஸின் படிக்கட்டு, சேமியா ஐஸ் என்று வந்துகொண்டே இருக்கும். இறந்துபோனவர்களின் பெயரையும் வாசிக்க வேண்டுமா என்று முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும், ஏனென்றால் பெயரைத் தாண்டிப் போனால் எல்லாருக்கும் உறுத்தும். நாங்கள் வாசிக்கச் சொன்னோம். அந்தப் பெயருக்கு வகுப்பே சேர்ந்து பதில் சொல்வது என்று ஏற்பாடு. வாசிக்கும் ஆசிரியரிடம் மட்டும் முந்தின நாளே பட்டியலைக் காட்டிவிட வேண்டும். திடீரென்று அங்கே தெரிந்துகொள்வது எண்பது வயதுக்காரருக்கு நல்லதல்ல.

ஆசிரியர்களுக்குப் பொன்னாடை வேண்டாம் என்பது எங்கள் கட்சி. அவர்கள் வீட்டுப் பீரோவில் ஏற்கெனவே அடுக்கி வைத்திருப்பார்கள். நல்ல வேட்டி, புடவை, அல்லது அந்த மாத மருந்துச் செலவை உறையில் போட்டுத் தனியாகக் கொடுக்கலாம். கூட்டிவரவும் கொண்டுபோய் விடவும் ஒவ்வொருவருக்கும் ஒரு மாணவரைப் பொறுப்பாக்க வேண்டும். கூட்டிவர எல்லாரும் போட்டி போடுவார்கள், திரும்பக் கொண்டுபோய் விடும் நேரத்தில் ஆளிருக்காது.

மத்தியானம் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப் பால் கனமானது, கூடவே இஞ்சிப் பச்சடி கேட்டு வாங்கவும். பக்கத்து மண்டபத்தில் ஒரு மணி நேரம் தூங்க விட்டோம். இதைச் செய்யாத குழு மூன்றாம் நாள் படுத்துவிடும்.

சாயங்காலம் நெல்லையப்பர் கோயில், இசைத்தூண்கள். தட்டிப் பார்க்க விடமாட்டார்கள், விடவும் கூடாது. எதிரே இருட்டுக்கடையில் சாயங்காலம்தான் அல்வா. சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கடை திறக்கும் முன்னே வரிசை நின்றுவிடும் என்பதால் 22 பேரும் நிற்காமல் மூன்று பேர் நின்று மொத்தமாக வாங்கினால் போதும். சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டும் இந்த அல்வா வெளியிலேயே சில நாள் தாங்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் நெய் உறைந்து பதம் கெடும். ஆனால் சூடான அல்வாவின் நெய் கவரைத் தாண்டிப் பைக்குள் இறங்கும். வீட்டிலிருந்து மூடி இறுகும் எவர்சில்வர் டப்பா ஒன்று எடுத்து வந்தவர்கள் தப்பித்தார்கள்.

இரண்டாம் நாள், ஞாயிறு: பாபநாசம்

காலை ஆறு மணிக்கு வண்டி. சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், வி.கே.புரம் (விக்கிரமசிங்கபுரம்) வழியாகப் பாபநாசம் சுமார் 50 கிலோமீட்டர். அப்பளம் வேண்டுபவர்கள் கல்லிடைக்குறிச்சியில் இறங்கலாம், ஆனால் அருவி ஊரின் ஈரத்தில் அப்பளம் நமத்துப்போகும். வாங்கினால் கெட்டியான கவரில் கட்டி வண்டியிலேயே விட்டுவிடவும்.

அகஸ்தியர் அருவிக்கு வனத்துறைச் செக்போஸ்ட் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் செக்போஸ்டிலேயே எடுத்துவிடுவார்கள், நேரக் கட்டுப்பாடும் உண்டு. மாத்திரை டப்பாவைப் பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தவர்கள் துணிப்பைக்கு மாற்றிக்கொண்டார்கள். குற்றாலத்தில் தண்ணீர் இல்லாத மாதங்களிலும் இங்கே விழும். சீசன் தப்பிப் போகும் செட்டுகள் முழுப் பயணத்தையும் பாபநாசத்தைச் சுற்றியே வைத்துக்கொள்ளலாம். ஆடி அமாவாசையை ஒட்டி மட்டும் வேண்டாம். சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் மலைப்பாதை முழுக்க நிறைந்துவிடும்.

கீழே கோயில் படித்துறையில் குளிக்க இறங்கினால் காலை அழுத்தி வைத்துப் பார்த்து இறங்கவும். பரிகாரம் செய்தவர்கள் ஆற்றில் விட்ட பழைய துணி அடியில் கிடந்து காலைச் சுற்றும். பள்ளிக் காலத்தில் இங்கே நீந்தினோம் என்று நடுவாற்றுக்குப் போக நினைப்பவரைக் கரையிலேயே பிடித்து வைக்க ஓர் ஆள் வேண்டும். முப்பத்தைந்து வருடமாக நீந்தாத உடம்பு பத்துக் கையடியில் மூச்சு வாங்கும்.

மத்தியானச் சாப்பாட்டை அம்பாசமுத்திரத்திலேயே பொட்டலமாகக் கட்டி வந்தோம், ஆழ்வார்குறிச்சியைத் தாண்டி மரத்தடியில் சாப்பிட்டாயிற்று. கடையம் வழி. பாரதி 1918 முதல் 1920 வரை இருந்த ஊர், அவர் மனைவி செல்லம்மாவின் ஊர். நேரம் இருந்தால் இறங்கலாம், எங்களுக்கு இல்லை. மத்தளம்பாறை தாண்டியதும் காற்றில் ஈரம் தெரிய ஆரம்பித்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் குற்றாலத்துக்குள் நுழைந்தால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எதிரே திரும்பிக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கு மட்டும் சொன்னபடி பலித்தது.

மூன்றாம் நாள், திங்கள்: குற்றாலம்

ரூம் எடுக்கும்போது கேட்க வேண்டியவை: கீழ்த்தளமா, டாய்லெட் எப்படி, வெந்நீர் எத்தனை மணிக்கு, கரண்ட் போனால் என்ன ஏற்பாடு. மூச்சுத்திணறலுக்கு இரவு மிஷின் மாட்டித் தூங்குபவர் இருந்தால் கட்டிலருகே பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்பதும். குறட்டைக்காரர்களை ஒரே அறையில் போட்டுவிட்டால் யாருக்கும் புகார் இல்லை. சாரல் நாளில் துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது, அதனால் ஆளுக்கு நாலு செட், இரண்டு துண்டு. அருவிக்கென்று பழைய துணி தனி. பெண்களுக்குப் புடவை வேண்டாம். நனைந்த புடவையின் கனமும் காலைத் தடுக்கும் கொசுவமும் வழுக்கும் பாறையில் ஆபத்து. கருநிறச் சுடிதார் நல்லது.

காலையில் எல்லாரும் முதலில் கேட்டது, "ஆர்ச் தெரியுதாலே?" பேரருவியில் குளிக்கும் இடத்துக்கு மேலே பாதுகாப்பு வளைவு கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அதற்கு உள்ளே விழுந்தால் குளிக்கலாம், வளைவைத் தாண்டி வெளியே கொட்டினால் தடை. பள்ளிச் சுற்றுலாவில் வந்தபோதும் இதே கேள்வியைத்தான் கேட்டோம், ஆர்ச் மறைந்தால் அன்றைக்கு சந்தோஷம். இப்போது தெரிந்தால்தான் சந்தோஷம்.

இன்று காலை மறைந்திருந்தது. போலீஸ்காரரிடம் "அஞ்சு நிமிஷம் சார்" என்று கெஞ்ச வேண்டாம். மலைமேல் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படித் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துக்கொண்டு போனது. தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறுவது, இலையும் சுள்ளியும் சேர்ந்து வருவது, சின்னக் கல் விழுவது, இரைச்சல் கனப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் வெளியே வந்துவிட வேண்டும். துண்டையும் சோப்பையும் எடுக்கத் திரும்பக் கூடாது. சோப்புக்கு அங்கே வேலையும் இல்லை. அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எல்லாவற்றுக்கும் தடை உண்டு.

பேரருவி இல்லையென்றால் ஐந்தருவி, அதுவும் இல்லையென்றால் சிற்றருவி, புலியருவி. தடை போடும்போது பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்தே வரும், சின்னவை முதலில் திறக்கும். செண்பகாதேவியும் தேனருவியும் காட்டுக்குள் ஏறிப் போக வேண்டியவை. பள்ளி நாளில் ஓடி ஏறியதை நினைத்து இப்போது கிளம்பக் கூடாது, அனுமதியும் கிடையாது. பதினோரு மணிக்கு ஐந்தருவி திறந்தது.

ஐம்பது வயதுக்காரர்கள் அருவியில் நிற்கும் முறை வேறு. நேரே உச்சந்தலையில் வாங்கக் கூடாது. ஓரத்தில் ஆரம்பித்து, முதுகைக் காட்டி, தோளில் வாங்கி, இரண்டு நிமிடம் கழித்து வேண்டுமானால் உள்ளே போகலாம். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் தலையைக் குனிந்து நின்றால் அன்றிரவே கை மரத்துப்போகும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுபவர்களுக்கு அருவி அடி கன்றிப்போய் நீலமாகத் தெரியும், ஓரமே போதும். அண்மையில் கண் ஆபரேஷன் ஆனவர்களும் செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களும் இறங்கவே வேண்டாம், கரையில் பை பார்க்கவும் ஆள் வேண்டுமே. காதுக்கருவி, மூக்குக்கண்ணாடி, செயின், மோதிரம் ரூமிலேயே இருக்கட்டும். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கும், மோதிரம் கழன்று போனது வெளியே வந்த பிறகுதான் தெரியும்.

சர்க்கரைக்காரர்களுக்கு இரண்டு விஷயம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கல் கிழித்தது தெரியாது. நனைந்தாலும் கழலாத, பின்பட்டை உள்ள ரப்பர் செருப்பு போட்டு, ரூமுக்கு வந்ததும் அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். அருவிக் குளியல் அகோரப் பசி கொடுக்கும். மாத்திரையோ ஊசியோ போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு ஒரு மணி நேரம் நின்றால் சர்க்கரை இறங்கும். படபடப்பு, வியர்வை, நடுக்கம். அருவியில் நனைந்தவருக்கு வியர்ப்பது எப்படித் தெரியும்? அதனால் குளிக்கும் முன் இரண்டு இட்லி, கரையில் இருப்பவர் பையில் குளுக்கோஸ். வயிறு முட்டத் தின்றுவிட்டும் இறங்கக் கூடாது. இன்சுலினை வண்டியின் டேஷ்போர்டில் வைத்தால் வெயிலில் கெட்டுவிடும்; ரூமில் நிழலில் இருக்கட்டும்.

இன்னொரு தண்ணியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ராத்திரி ரூமில் அவரவர் இஷ்டம் என்று விட்டோம், அருவிக்கு முன் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. இதை வண்டி ஏறும் முன்பே, வயதில் மூத்ததுபோல் நடந்துகொள்ளும் ஒருவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும். ஒவ்வொரு வகுப்பிலும் அப்படி ஒருவர் இருப்பார், பழைய லீடர்.

குரங்கு. பை ஜிப் திறக்கும், பழத்தை மட்டுமின்றி மாத்திரைக் கவரையும் தூக்கும். சீசனில் சாலையோரம் மங்குஸ்தான், ரம்புத்தான் குவித்து வைத்திருப்பார்கள். அழுத்தினால் லேசாக அமுங்கும் மங்குஸ்தான் நல்லது, கல்லாக இருந்தால் உள்ளே கெட்டது. விலை கேட்கும்போது "அண்ணாச்சி, நாங்களும் நெல்லைதான்" என்று சொன்னால் கொஞ்சம் குறையும், நிறையக் குறையாது.

மத்தியானம் மூன்று முதல் ஏழு வரை எதுவும் வைக்கவில்லை. முதலில் போட்ட திட்டத்தில் படகுக் குழாம், பூங்கா, கடைவீதி என்று நிரப்பியிருந்தோம், பிறகு எல்லாவற்றையும் அடித்துவிட்டோம். வராந்தாவில் நாற்காலி, சாரல், இரண்டு ஃபிளாஸ்க் சுக்குக்காப்பி, மிக்சர். பள்ளிக்கூட மேடையில் பேசாதவர்கள் இந்த நாலு மணி நேரத்தில்தான் வாயைத் திறந்தார்கள். எல்லாரும் வராந்தாவுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. நாலு பேர் உள்ளே தூங்கினார்கள், தூங்கட்டும்.

சித்திரசபையை இருட்டுவதற்கு முன் பார்க்கவும். நடராசரின் ஐந்து சபைகளில் இது ஓவியத்துக்கு. உள்ளே வெளிச்சம் குறைவு, கண் பழகச் சற்று நேரம் நிற்க வேண்டும்.

நான்காம் நாள், செவ்வாய்: செங்கோட்டை, தென்காசி

காலையில் ஆர்ச் தெரிந்தது. ஆறரைக்குள் பேரருவியில் குளியல் முடிந்தது.

ஆரியங்காவு கணவாய்க்கு வேனில் போகலாம், ஆனால் கேரள எல்லை தாண்ட வாடகை வண்டிக்குத் தனி பர்மிட்டும் வரியும் கட்ட வேண்டும். ரயில் என்றால் அந்தத் தொல்லை இல்லை. வேன்களைச் செங்கோட்டையில் நிறுத்திவிட்டுப் புனலூர் வரை 49 கிலோமீட்டர், போய்த் திரும்பினோம். 1904-ல் திறந்த பாதை. மீட்டர்கேஜ் வண்டி 2010 செப்டம்பரோடு நின்று, அகலப்பாதையாகி 2018-ல் மறுபடி முழுதாக ஓட ஆரம்பித்தது. எங்கள் செட் பள்ளி நாளில் பார்த்தது அந்தச் சின்ன வண்டியை. ஏற்றம் அதிகம் என்பதால் இப்போதும் பின்னால் ஓர் எஞ்சின் தள்ளும். கழுதுருட்டி அருகே பதின்மூன்று கண் பாலம். பாலத்தின் அழகு கீழே ரோட்டில் நின்றால்தான் தெரியும், ரயிலுக்குள் இருந்தால் நாம்தான் அதன்மேல் இருக்கிறோம். திரும்பி வரும் வண்டியின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் போகும் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நாளுக்குச் சில வண்டிகள்தான். குகைகளில் கதவருகே நிற்பவர்களை உள்ளே இழுத்து உட்கார வைக்கவும். ஈரப் படியும் ரப்பர் செருப்பும் ஒத்துவராது.

செங்கோட்டையில் வாஞ்சிநாதன் சிலை. பிறகு பிரானூரில் பார்டர் பரோட்டா, நாட்டுக்கோழி. மிளகுக் காரம் சும்மா இல்லை, அல்சர்காரர்கள் சால்னாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கவும். இரவு ரயில் ஏறுபவர்களுக்கு மூன்று பரோட்டாவே அதிகம்.

தென்காசிக்கு ஐந்து மணி. 2019 நவம்பர் 22 முதல் இது தனி மாவட்டம்; எங்கள் மார்க் ஷீட் காலத்தில் இதுவும் நெல்லையும் ஒரே கட்டபொம்மன் மாவட்டம். சிறுவயதில் சுற்றுலா வந்த எல்லாருக்கும் இடிந்த மொட்டைக் கோபுரம்தான் ஞாபகம். இப்போது நிற்கும் ராஜகோபுரத்தைக் கட்டிக் குடமுழுக்கு செய்தது 1990-ல், நாங்கள் பத்தாவது முடித்த வருடம். வாசலில் காற்று எதிரே வந்து தள்ளும் என்பது அன்றைக்கும் இன்றைக்கும் மாறவில்லை. முந்தானையையும் தொப்பியையும் பிடித்துக்கொள்ளவும்.

கணக்கை ரயில் ஏறும் முன் முடித்துவிட வேண்டும். ஊருக்குப் போய் முடிக்கலாம் என்று விட்டால் மூன்று மாதம் இழுக்கும், அதற்குள் குரூப்பில் நாலு பேர் முகம் சுளித்திருப்பார்கள். பில்களைத் தினமும் ராத்திரி போட்டோ எடுத்து வைத்திருந்ததால் பொருளாளருக்கு அரை மணி நேரம்தான் பிடித்தது. டிரைவர்கள் இருவருக்கும் பேட்டாவுக்கு மேல் கையில் கொடுத்தாயிற்று. மீதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று முடிவு. அதில் வர முடியாமல் போன இரண்டு பேருக்கு அல்வா பார்சலும் புது குரூப் போட்டோவும் அனுப்பப் போகிறோம்.

சென்னை போகும் பொதிகை வண்டி பிளாட்பாரத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. கீழ் பெர்த் பட்டியல் வாசிக்க வேண்டும்.